உருகிக் காக்கும் இழை

நுழையும்முன்

மின்சாரம் வீட்டுக்குள் வந்த கதையைப் பலரும் அறிவர். வந்த மின்சாரம் வீட்டைக் கொளுத்திவிடாமல் இருக்க விதி வகுத்தவர்களின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர்களுள் ஒருவர் தம் இளமையின் பத்தாண்டுகளுக்கும் மேலாக இந்திய மண்ணில் பணியாற்றியவர். அவர் பெயரை நாம் நாள்தோறும் தலைக்குமேல் சுழலக் காண்கிறோம்.

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர் தோல் பதனிடும் தொழிற்கூடங்களை வரிசையாகக் காணலாம். இப்பகுதி மக்கள் அவற்றை டேனரி என்றே அழைப்பர். உப்பிட்டு வந்த தோல்கள் அங்கே ஊறவைக்கப்படுகின்றன; சுண்ணாம்பு நீரில் முடி நீக்கப்படுகின்றன; பின்னர், ஆள் உயரத்தையும் விஞ்சிய மரத்தாலான டிரம்களில் பதனீட்டுப் பொருள்களோடு மணிக்கணக்கில் சுழற்றப்படுகின்றன. டிரம்மைச் சுழற்றுவது மின்மோட்டார். தோலோடு வந்த உப்பு நீரில் கரைந்து தரையெங்கும் பரவுகிறது. தூய நீரைவிட உப்புநீர் பன்மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். அந்த ஈரத்தரையில் நின்றுகொண்டுதான் தொழிலாளர் மோட்டாரின் விசையைத் தொடுகின்றனர்.

நம் நாட்டு மோட்டார்கள் பலவற்றின் பெயர்த்தகட்டில் கிராம்ப்டன் என்னும் சொல் பொறிக்கப்பட்டிருக்கும். வீட்டு மின்விசிறிகளிலும் அதே பெயர் உண்டு. அது வணிகத்திற்காகப் புனைந்த சொல் என்றே பலரும் எண்ணுவர். அஃது ஒரு மனிதரின் பெயர். ரூக்ஸ் ஈவ்லின் பெல் கிராம்ப்டன் என்பது அவருடைய முழுப்பெயர்.

போர்முனை கண்ட சிறுவன்

கிராம்ப்டன் 1845ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், தேர்ஸ்க் என்னும் ஊரை அடுத்துப் பிறந்தார். 1851இல் இலண்டன் மாநகரில் உலகப் பெருங்கண்காட்சி நடைபெற்றபோது அவருக்கு ஆறு வயது. கண்ணாடி மாளிகையில் குவிக்கப்பட்டிருந்த பட்டும் பொன்னும் அச்சிறுவனை ஈர்க்கவில்லை. இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்த கூடமே அவர் நெஞ்சில் நின்றது. ஐந்தாண்டுகளுக்குள் வேறொரு காட்சியையும் அவர் கண்டார். உறவினர் ஒருவர் தலைவராக இருந்த போர்க்கப்பலில் ஏறிக் கிரிமியாவுக்குச் சென்றார். செவஸ்தபோல் அகழிகளில் இருந்த தம் தமையனைப் போய்ப் பார்த்துவந்தார். பள்ளியில் படிக்க வேண்டிய வயதில் போர்ப்பதக்கம் பெற்ற பிள்ளை அவர்.

பின்னர் ஹாரோ பள்ளியில் படித்தார். விடுமுறைகளில் வீட்டுப் பட்டறையில் சாலையில் ஓடும் நீராவி வண்டி ஒன்றை உருவாக்க முனைந்தார். வகுப்பறையைவிடப் பட்டறையே அவருக்குப் பள்ளியாக இருந்தது எனலாம். இவ்வியல்பு உடைய மாணவர்களை ஆசிரியர்கள் பலரும் அறிவர். அவர்கள் எல்லாருக்கும் கிராம்ப்டனுக்குக் கிடைத்த வாய்ப்பு கிடைப்பதில்லை.

1864இல் படை அதிகாரியாக இந்தியா வந்தார். பதினோர் ஆண்டுகள் இங்கே பணியாற்றினார். அக்காலத்தில் வடஇந்தியப் பெருஞ்சாலைகளில் படைக்கான பொருள்களை மாட்டுவண்டிகளே சுமந்தன. அவற்றின் மெதுவான நடை இளம் அதிகாரியைப் பொறுமையிழக்கச் செய்தது. கெட்டியான இரப்பர் பட்டை பூட்டிய சக்கரங்களோடு நீராவியால் ஓடும் சாலை இழுவை வண்டிகளை இங்கே ஓட்டலாம் என்று அவர் அரசுக்கு எடுத்துரைத்தார். அப்போதைய தலைமை ஆளுநர் மேயோ பிரபு அதற்கு இசைந்தார். வண்டிகள் இங்கிலாந்தில் செய்யப்பட்டன. அவற்றுள் செனாப் என்று நம் நாட்டு ஆற்றின் பெயரைத் தாங்கிய வண்டியை 1871இல் இப்ஸ்விச் நகரிலிருந்து எடின்பரோ வரை ஓட்டிச் சோதித்தார் கிராம்ப்டன். பழுதுபார்க்கும் கூடம் அருகில் இல்லாத நெடுஞ்சாலையில் இயந்திரத்தை இயக்கியவருக்கு ஓர் உண்மை நன்கு விளங்கியிருக்க வேண்டும்: எந்தப் பொறியும் ஒருநாள் பழுதாகும், எந்த இடத்தில், எவ்வாறு பழுதாகும் என்பதை முன்னரே தீர்மானிப்பதும் பொறியாளரின் பணியாகும்.

ஒளியும் அச்சமும்

1875இல் படைப்பணியிலிருந்து விலகினார். செம்ஸ்ஃபோர்டு நகரில் பொறியியல் நிறுவனம் ஒன்றில் பங்கேற்றார். இரும்பு வார்ப்பாலை ஒன்றில் இரவிலும் வேலை நடைபெற வேண்டியிருந்தது. அதற்கு ஒளி தேவைப்பட்டது. பாரிசிலிருந்து கிராம் என்பார் வடிவமைத்த டைனமோக்களை வரவழைத்து வில்விளக்குகளை எரியச் செய்தார். வெளிநாட்டு இயந்திரங்களின் குறைகளைக் கண்டு, தாமே அவற்றைத் திருத்தி அமைக்கத் தொடங்கினார். 1878இல் அவர் பெயரால் நிறுவனம் உருவாயிற்று. ஜோசப் ஸ்வான் உருவாக்கிய இழைவிளக்கு வந்தபின், மாளிகைகளும் அரங்குகளும் அவருடைய கைவண்ணத்தில் ஒளிபெற்றன.

அக்காலத்தில் மின்னொளிக்கு மிகப்பெரிய பரிந்துரையாக அமைந்தது ஒரு பேரழிவு. 1881 டிசம்பர் 8ஆம் நாள் வியன்னா நகரின் ரிங் அரங்கில், எரிவாயு விளக்குகளை ஏற்றும்போது தீப்பற்றி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஐரோப்பிய அரங்குகள் அனைத்தும் எரிவாயுவைக் கண்டு நடுங்கின. அதே வியன்னாவின் இசைநாடக அரங்கைப் பின்னாளில் மின்னொளி பெறச் செய்தவருள் கிராம்ப்டனும் ஒருவர். தீயற்ற ஒளி என்று மின்சாரம் போற்றப்பட்டது.

ஆனால், அது தீயற்ற ஒளியாக இல்லை. மணியடிக்கும் கம்பியைப் பொருத்தியவர்களும் எரிவாயுக் குழாய் வேலை செய்தவர்களும் ஒரே நாளில் மின்பணியாளர் ஆயினர். பருத்தி நூல் சுற்றிய மெல்லிய கம்பிகள் மரச்சட்டங்களுக்கிடையே இழுக்கப்பட்டன. ஒரு விளக்குக்காகப் போட்ட கம்பியில் பத்து விளக்குகள் தொங்கவிடப்பட்டன. சிலர் செலவைக் குறைக்க, எரிவாயுக் குழாயையே மின்சாரம் திரும்பும் வழியாகப் பயன்படுத்தினர். அதன் விளைவை விளக்கத் தேவையில்லை.

நான்கு பக்க விதிகள்

இந்நிலையில் இலண்டனில் இயங்கிய தந்திப் பொறியாளர் மற்றும் மின்னியலாளர் கழகம் ஒரு குழுவை அமைத்தது. 1882 ஜூன் 21ஆம் நாள் அக்குழு தன் விதிகளை அளித்தது. மின்னொளியால் நேரும் தீ இடர்களைத் தடுப்பதே அவ்விதிகளின் நோக்கம். முப்பத்தேழு வயதான கிராம்ப்டன் அக்குழுவில் ஓர் உறுப்பினர். அதே ஆண்டில் ஃபீனிக்ஸ் என்னும் தீக்காப்பீட்டு நிறுவனத்தின் பொறியாளர் மஸ்கிரேவ் ஹீஃபி என்பாரும் தனியே ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டார். இழப்பீடு கொடுத்துச் சலித்தவர்களும் விளக்கு விற்றுப் பொருளீட்டியவர்களும் ஒரே முடிவுக்கு வந்த ஆண்டு அது.

கழகத்தின் விதிகள் நான்கே பக்கங்களில் அடங்கின. டைனமோ உலர்ந்த இடத்தில் நிறுவப்பட வேண்டும். கம்பியின் பருமன் அது சுமக்கும் மின்னோட்டத்திற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இணைப்புகள் உறுதியாக இருக்க வேண்டும். எரிவாயுக் குழாயையும் நீர்க்குழாயையும் மின்கடத்தியாக ஒருபோதும் கொள்ளலாகாது. மின்னோட்டம் அளவு மீறினால் உருகி அறுபடும் காப்பு இருக்க வேண்டும். இத்தனைக்கும் மேலாக, இடர்கள் பெரும்பாலும் மின்சாரத்தின் இயல்பால் அல்ல, அதைக் கையாள்வோரின் அறியாமையால் விளைகின்றன என்பதையும் அக்குழு வெளிப்படையாகச் சுட்டியது. தம் தொழிலைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ள முன்வந்தவர்களின் நேர்மை இதில் தெரிகிறது. தரமற்ற கம்பியைக் குறைந்த விலைக்குப் பொருத்துவோரோடு போட்டியிட வேண்டிய வணிகராகவும் கிராம்ப்டன் இருந்தார் என்பதை மறந்துவிடலாகாது.

உருகும் காப்பு என்று விதி குறிப்பிட்டதையே நாம் மின்உருகி என்றும், பேச்சுவழக்கில் பியூஸ் என்றும் கூறுகிறோம். இதைக் கண்டறிந்தவர் இவர்தாம் என்று ஒருவரை மட்டும் சுட்டிக்காட்ட இயலாது. தந்தி நிலையங்களை மின்னலிலிருந்து காக்க மெல்லிய கம்பியை இடையில் இணைக்கலாம் என்று பிரான்சு நாட்டின் பிரேகே 1840களிலேயே கருதினார். எடிசன் 1880இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஸ்வான் வெள்ளீயத் தகட்டுத் துண்டுகளைப் பயன்படுத்தினார்.

இதன் செயற்பாடு எளியது. கம்பியில் மின்னோட்டம் பாயும்போது வெப்பம் பிறக்கிறது. மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். ஜூல் என்னும் அறிஞர் கண்ட விதி இது. சுவருக்குள் செல்லும் செம்புக்கம்பி 1085 பாகை செல்சியசில்தான் உருகும். ஆனால், அதன் மேலுறை அதற்கு வெகுமுன்னரே கருகித் தீப்பற்றும். எனவே, வெள்ளீயமும் காரீயமும் கலந்த இழை ஒன்றை மின்சுற்றின் தொடக்கத்தில் இணைக்கின்றனர். வெள்ளீயம் 232 பாகையிலும் காரீயம் 327 பாகையிலும் உருகுவன. இரண்டின் கலவை இன்னும் குறைந்த வெப்பத்திலேயே இளகிவிடும். சுவருக்குள் உள்ள கம்பி சூடேறும் முன்னர் இழை அறுந்து மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. மின்சுற்றிலேயே வலிமை குன்றிய உறுப்பு அதுதான். அது வேண்டுமென்றே அவ்வாறு அமைக்கப்பட்டது.

பியூஸ் போய்விட்டது என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அந்த இழை தன் கடமையை முடித்திருக்கிறது என்பதே உண்மை. அடுத்து நாம் செய்வதில்தான் கேடு புகுகிறது. மீண்டும் மீண்டும் அறுபடுகிறது என்று, கையில் அகப்பட்ட செம்புக்கம்பியை நான்கைந்து புரிகளாக முறுக்கிப் பியூஸ் கட்டையில் கட்டிவிடும் வழக்கம் வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் இன்றும் மறையவில்லை. இதைச் செய்பவர்கள் கல்லாதவர்கள் அல்லர். அவர்களுள் இயற்பியலில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களும் உண்டு. அப்படிக் கட்டியபின் மின்சுற்றின் வலிமை குன்றிய உறுப்பு பியூஸ் கட்டையில் இருப்பதில்லை. அது சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓர் இடத்திற்கு, பெரும்பாலும் தளர்ந்துபோன இணைப்பு ஒன்றிற்கு, இடம்பெயர்ந்துவிடுகிறது.

மின்உருகியை எங்கே வைப்பது என்பதும் அதன் அளவைப் போன்றே இன்றியமையாதது. அது மின்னோட்டக் கம்பியில்தான் இருக்க வேண்டும். நடுநிலைக் கம்பியில் இருந்தால் இழை அறுந்து விளக்கு அணையும்; மோட்டார் நிற்கும்; ஆயினும் மின்னோட்டக் கம்பியில் மின்னழுத்தம் அப்படியே இருக்கும். மின்சாரம் இல்லையென்று நம்பிக் கைவைப்பவர் உயிரிழக்க நேரும். விசைக்கும் இதே விதி பொருந்தும்.

ஈரத்தரையில் ஒரு கணக்கு

1882ஆம் ஆண்டின் விதி, டைனமோவை உலர்ந்த இடத்தில் வைக்கச் சொன்னது. நம் டேனரிகளில் உலர்ந்த இடத்தைத் தேடித்தான் காண வேண்டும். ஆகவே, அவ்விதியின் கருத்தை இங்கே ஒரு கணக்கின் வழியாக எண்ணிப் பார்ப்பது பொருத்தமானது.

டிரம் மோட்டாரின் உள்ளே மின்காப்பு சிதைந்து, மின்னோட்டக் கம்பி அதன் இரும்புக் கூட்டைத் தொடுவதாகக் கொள்வோம். கூடு இப்போது நிலத்தை நோக்க ஏறத்தாழ 230 வோல்ட் மின்னழுத்தத்தில் உள்ளது. மோட்டார் வழக்கம்போலவே ஓடக்கூடும். உடல் நனைந்து, ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவரின் உடல் தடை ஏறத்தாழ 1000 ஓம் எனலாம். அவர் கூட்டைத் தொட்டால் அவர் உடல் வழியே 0.23 ஆம்பியர் பாயும். இதயத்தின் துடிப்பைக் குலைக்க 0.1 ஆம்பியரே போதும். 15 ஆம்பியருக்கான மின்உருகிக்கோ இந்தக் கால் ஆம்பியர் ஒரு பொருட்டன்று. மனிதர் வீழ்வார், இழை அறுபடாது. மின்உருகி காப்பது கம்பியை, மனிதரை அன்று. இவ்வேறுபாட்டை அறியாமல் பியூஸ் இருக்கிறது என்று துணிந்தவர் பலர்.

இப்போது அதே கூட்டிலிருந்து புவி இணைப்புக் கம்பி ஒன்று செல்வதாகவும், மின்சாரம் திரும்பிவரும் அவ்வழி முழுவதன் தடையும் ஓர் ஓம் என்றும் கொள்வோம். கம்பி கூட்டைத் தொட்ட அந்தக் கணமே 230 ஆம்பியர் பாயும். இழை உருகி அறுந்துவிடும். தொழிலாளர் கைவைக்கும்முன் மோட்டார் நின்றிருக்கும். புவி இணைப்பும் மின்உருகியும் சேர்ந்தால்தான் மனிதருக்குக் காப்பு. மூன்று முனைச் செருகியில் புவிமுனை மற்ற இரண்டையும்விட நீளமாகவும் பருமனாகவும் இருப்பதன் காரணமும் இதுவே. செருகும்போது முதலில் இணைவதும் பிடுங்கும்போது இறுதியில் விலகுவதும் அந்த முனைதான். அதை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு துளைப் பெட்டியில் செருகுவோரை நாம் கண்டிருக்கிறோம்.

தோற்ற போரும் வென்ற பணியும்

கிராம்ப்டனின் எல்லாக் கணிப்புகளும் சரியாக அமைந்துவிடவில்லை. 1880களின் பிற்பகுதியில் இலண்டனின் கென்சிங்டன் பகுதிக்கு நேர்திசை மின்னோட்டம் வழங்கும் நிலையத்தை அவர் அமைத்தார். நிலத்தடிக் கால்வாய்களில், பீங்கானும் கண்ணாடியும் தாங்க, செம்புப் பட்டைகள் ஓடின. இரவில் மின்கலங்களே ஒளி வழங்கின. அதே காலத்தில் ஃபெராண்டி என்னும் இளைஞர் டெப்ட்ஃபோர்டில் பேராலை அமைத்து, 10,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தைத் தொலைவுக்குச் செலுத்த முற்பட்டார். கிராம்ப்டன் இறுதிவரை நேர்திசை மின்னோட்டத்திற்காக வாதிட்டார். காலம் ஃபெராண்டியின் பக்கம் நின்றது. தொலைவிலுள்ள அணைகளிலிருந்து நமக்கு மின்சாரம் வருவதும் மாறுதிசை மின்னோட்டத்தால்தான்.

தோல்வி அவரை ஒதுக்கிவிடவில்லை. மின் பொறியாளர் கழகத்தின் தலைவராக 1895இலும் 1908இலும் பொறுப்பேற்றார். இடையே தென்னாப்பிரிக்கப் போரில், தம் ஐம்பத்தைந்தாம் வயதில், மின்பொறியாளர் படைப்பிரிவோடு சென்றார். 1904இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயி நகரில் பன்னாட்டு மின்னியல் மாநாடு கூடியது. ஒவ்வொரு நாடும், ஏன், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அளவையைக் கொண்டிருந்த காலம் அது. ஒருவர் 5 என்று குறித்த பொருள் மற்றொருவரின் 5 உடன் பொருந்தாது. பன்னாட்டுப் பொதுத்தரம் வேண்டும் என்று அங்கே கிராம்ப்டன் வலியுறுத்தினார். 1906இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் இலண்டனில் உருவாயிற்று. கெல்வின் பிரபு அதன் முதல் தலைவரானார். அதை உருவாக்க ஓடியாடி உழைத்தவர் கிராம்ப்டன். 5 ஆம்பியர் என்று பொறித்த மின்உருகி செம்ஸ்ஃபோர்டிலும் ஆம்பூரிலும் ஒரே அளவில் உருக வேண்டும் என்னும் எண்ணத்தின் வேர் அங்கே இருக்கிறது. நம் நாட்டில் மின்கம்பி அமைப்பு முறைக்கான 732ஆம் எண் இந்தியத் தரமும், புவி இணைப்புக்கான 3043ஆம் எண் இந்தியத் தரமும் அந்த நான்கு பக்க விதிகளின் வழிவந்தவை எனலாம்.

1927இல் அவருடைய நிறுவனம் பார்க்கின்சன் நிறுவனத்தோடு இணைந்தது. 1937இல் அதன் கிளையாக மும்பையில் ஒரு தொழிற்சாலை தோன்றியது. அதே ஆண்டில்தான் மேட்டூர் அணையின் நீர்மின் நிலையமும் இயங்கத் தொடங்கியது. கிராம்ப்டன் 1940 பிப்ரவரி 15ஆம் நாள் யார்க்‌ஷயரில், தாம் பிறந்த மண்ணிலேயே, தொண்ணூற்று நான்காம் வயதில் மறைந்தார். கிரிமியப் போரில் அகழியைக் கண்ட கண்கள் இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தையும் கண்டன.

அவர் காலத்தில் இல்லாத காப்பு ஒன்று இன்று நமக்கு உண்டு. மின்கசிவு துண்டிப்பான் என்னும் அக்கருவி, செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் இடைவிடாது ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபாடு தோன்றினாலே, நொடியின் சிறு பகுதியில் மின்சுற்றைத் துண்டித்துவிடுகிறது. மின்உருகி பொருட்படுத்தாத கால் ஆம்பியரை இது பொருட்படுத்தும். எனினும், இதைப் பொருத்திவிட்டதால் புவி இணைப்பு வேண்டாம் என்று ஆகிவிடாது.

புவி இணைப்புக்கும் பேணுதல் வேண்டும். குழி தோண்டி, இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு நிரப்புவது பழைய முறை. ஈரம் இருக்கும்வரை மண் மின்சாரத்தை எளிதில் ஏற்கும். வேலூர் வட்டாரத்தின் சித்திரை வெயிலில் பாலாற்று மணல் வெடித்துக் கிடக்கும்போது குழியின் மண்ணும் காய்ந்து, அதன் தடை ஏறிவிடும். அதனால்தான் அனுபவம் மிக்க மின்பணியாளர்கள், கோடை தொடங்கியதும், காலையில் மோட்டாரின் விசையைத் தொடும்முன், குழியின் மூடியைத் திறந்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகின்றனர்.